நடுநிலை யாருடைய நிலை?

இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ நாவலிலிருந்து வந்த படம் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ (1983). இணையக் கலைக்களஞ்சியத்தில் அதன் கட்டுரையை மேம்படுத்தும் விவாதம். கும்பகோணத்திலிருந்து நான் ஒரு வரி சேர்த்தேன்: ‘பின்னணி, கீழ்வெண்மணி சாதியப் படுகொலை.’ இன்னொரு தொகுப்பாளர் அதை ‘கூலித் தகராறு’ என்று மாற்றினார். காரணம், நடுநிலையாம்!

கூலி கேட்டது உண்மைதான், தோழர்களே. ஆனால் 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசையில் எரிக்கப்பட்ட 44 பேரும் தலித்துகள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள். கைக்குழந்தையா கூலி கேட்டது? தீ ஊர்த்தெருவுக்குப் போகவில்லை, சேரிக்குத்தான் போனது.

படம் வாங்கிய விருதுக்கு ஒரு சான்று போதுமாம். சாதி என்ற சொல்லுக்கு மட்டும் சான்றுக்கு மேல் சான்று வேண்டுமாம். சாதியை அழித்துவிட்டு எழுதுவது நடுநிலையல்ல, பண்ணையார் நிலை. அவர்கள் அழிக்கட்டும். நாம் சான்றோடு மறுபடி எழுதுவோம்.