உருளைக்கிழங்கு வெந்த மணி

பரணில் கிடக்கும் பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூச ஆள் தேடித்தான் உட்கார்ந்தேன். ஒரே ஒரு தொலைபேசி எண். அவ்வளவுதான் வேலை. மாமியார் கொடுத்த சீர் அது. பொங்கலுக்குள் பூசி வாங்கிவிட வேண்டும் என்பது வீட்டு உத்தரவு. ராத்திரி ஒன்பதரைக்குக் கைபேசியை எடுத்தவன் நிமிர்ந்து பார்த்தபோது மணி ஒன்றே முக்கால். எண் கிடைக்கவில்லை. நியூசிலாந்தில் ஒரு மணி கிடைத்தது.

ஈயப் பூச்சிலிருந்து வெண்கலப் பானை, வெண்கலப் பானையிலிருந்து வெண்கல மணி. இணையத்தில் வழுக்கி விழ எண்ணெய் ஊற்றவா வேண்டும்? வெலிங்டனில் இருக்கும் டெ பாப்பா அருங்காட்சியகத்துப் பொருள் அது. விளிம்பெல்லாம் உடைந்து மேல்பகுதி மட்டும் மிஞ்சிய கப்பல் மணி. அதைச் சுற்றி ஓடுகிறது, கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன், தமிழ் எழுத்து!

நியூசிலாந்துக்குக் கிறித்தவ மிஷனின் அச்சுக்காரராகப் போனவர் வில்லியம் கொலென்சோ. 1835இல் அந்நாட்டுப் பூர்வகுடிகளின் மாவோரி மொழியில் புத்தகம் அச்சடித்த மனிதர். ஓரிரு வருடம் கழித்து, நாட்டின் வடக்கே வாங்கரே பக்கத்தில் மாவோரிகளிடம் இந்த மணியைப் பார்த்திருக்கிறார். அவர்கள் அதைக் கவிழ்த்துப் பானையாக்கி உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் பெரிய மரம் சாய்ந்தபோது வேருக்கடியில் கிடைத்ததாம். ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்துவிட்டு இவர் மணியை வாங்கிக்கொண்டார். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுக்கிற நம் தெரு வண்டிக்காரர் கணக்குதான், கொஞ்சம் திருப்பிப் போட்டது. 1899இல் அவர் காலமான பிறகு மணி அருங்காட்சியகத்துக்குப் போனது. முகைதீன் பக்ஸ் கப்பலின் மணி என்பது அதில் உள்ள எழுத்துக்குப் பொருள். கப்பல் அங்கே எப்படிப் போனது, போனது கப்பலா வெறும் மணியா என்பதெல்லாம் இன்றுவரை ஊகம்தான்.

இதைப் பார்த்துவிட்டு எவனுக்குத் தூக்கம் வரும்? விடியற்காலை ஆறு மணிக்கே குடும்பக் குழுவில் படத்தோடு போட்டேன். நாற்பத்தோரு பேர் இருக்கிற குழு.

முதலில் பெரியப்பா. "சோழர்கள் நியூசிலாந்தை ஆண்டது எனக்கு முன்பே தெரியும். பகிர்ந்தமைக்கு நன்றி." கைகூப்பு மூன்று.

"சோழர் இல்லை பெரியப்பா, முகைதீன்னு எழுதியிருக்கு. நம்ம கடற்கரை முஸ்லிம் வியாபாரி யாரோ ஒருத்தருடைய கப்பலா இருக்கணும்" என்று பணிவாகத்தான் எழுதினேன். அவ்வளவுதான், குழுவே மௌன விரதம். பத்து நிமிடம் கழித்து மச்சான் ஒரு ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வைத்தார். பெங்களூரிலிருந்து மகன் மட்டும் தனியாகக் கேட்டான்: "அப்பா, இது ஏஐ படம்தானே?"

என்னத்தைச் சொல்ல! இதே குழுவில் வருடா வருடம் தீபாவளிக்கு ஒரு படம் வரும். தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து இந்தியா, நாசா எடுத்தது என்று. அது தீபாவளியும் இல்லை, ஒரு ராத்திரியும் இல்லை. பல வருட விளக்கு வெளிச்சம் எப்படிப் பெருகியது என்று காட்டுவதற்காக வண்ணம் கொடுத்துச் சேர்த்த படம். அதற்கு மட்டும் கைதட்டல், பட்டாசு, பெருமிதக் கண்ணீர். அப்போது யாருக்கும் ஏஐ சந்தேகம் வரவில்லை. பொய்யை மடியில் வைத்துக் கொஞ்சுகிறார்கள். உண்மை வந்தால் ஆதார் அட்டை கேட்கிறார்கள்.

அதுவும் உண்மை என்றால் ராஜா வேண்டும், படை வேண்டும், கொடி வேண்டும். ஒரு வியாபாரியும் ஓர் அடுப்பும் போதாதாம். எனக்கோ அந்த அடுப்புதான் பிடித்திருக்கிறது. புத்தி கேட்காமல் அடுத்த வாரமும் ஒன்று போட்டேன். தாய்லாந்தில் கிராபி பக்கம் குவான் லுக் பட் என்ற இடத்தில் கிடைத்த சின்ன உரைகல். ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கும் முந்தையது. 'பெரும்பதன் கல்' என்று தமிழ் பிராமியில் பொறித்திருக்கிறது. பெரும் பத்தனுடைய கல். இன்றைக்கும் மூக்குத்தித் திருகு கழன்றால் நாம் போகிற அதே பத்தர்! கடல் தாண்டிப் போன தட்டார் ஒருவர், உரைகல்லை யாரும் தூக்கிப் போய்விடக் கூடாதென்று பெயர் வெட்டி வைத்திருக்கிறார். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டுகிற நமக்கு இது புரியாதா? புரியவில்லை. ஒரே ஒரு கட்டைவிரல் விழுந்தது. அதுவும் சித்தப்பாவின் பேத்தி தவறி அழுத்தியது என்று பிறகு தெரிந்தது.

இனிக் குழுவே வேண்டாம் என்று அடுக்களைக்குப் போனேன். மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எகிப்துல, செங்கடல் ஓரமா, குசேர் அல் காதிம்னு ஒரு பழைய துறைமுகம். அங்க ஒரு உடைஞ்ச பானை ஓடு. ரெண்டாயிரம் வருஷப் பழசு. அதுல தமிழ்ல என்ன எழுதியிருக்குன்னு நினைக்கிற?"

"என்னவாம்?"

"பானை ஒறி. நம்ம உறிதான். கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படிச்சுச் சொன்னது."

கத்தி நின்றது. "எங்க ஆச்சி வீட்டுல உறி உண்டுங்க. உத்தரத்துல தொங்கும். பூனை எட்டாதுன்னு தயிர்ப்பானையை அதுலதான் வைப்பாங்க. நான் முக்காலி போட்டு ஏறித் திருடியிருக்கேன்." கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கயிறு தேங்காய் நார்லதான் முடைவாங்க. அங்கயும் அப்படித்தானா? எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை. ஆனால் இந்த நாற்பத்தோரு பேரில் ஒருவராவது இப்படிக் கேட்டிருந்தால்! நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதே செங்கடல் ஓரத்துப் பெரெனிகே துறைமுகக் கோயிலில் ஒரு ஜாடியில் கிடைத்த ஏழரைக் கிலோ மிளகைப் பற்றி ஆரம்பித்தேன்.

"அது கிடக்கட்டும்" என்று மறுபடி கத்தியை எடுத்தாள். "எகிப்துப் பானை வரைக்கும் கண்டுபிடிச்சீங்களே, ஈயம் பூசறவர் நம்பர் என்னாச்சு?"