மழைக்காலம் இல்லாத கேரம் போர்டு

ராயபுரம் கல்மண்டபத்தை ஒட்டிய சந்து ஒன்றில் உள்ள கேரம் கிளப்புக்கு ஓர் ஐப்பசி மாலையில் போயிருந்தேன். கடல் கூப்பிடு தூரத்தில். போர்டின் மேல் தாழத் தொங்கவிட்ட பல்பு, ஆட்டம் தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பிருந்தே எரிந்துகொண்டிருந்தது. வெளிச்சத்துக்காக மட்டுமல்ல, பலகையில் ஏறிய ஈரத்தை வாட்டுவதற்காகவும்தான். தன் முறை வரும்வரை ஒரு பையன் சுவரோரம் உட்கார்ந்து செல்போனில் கேரம் ஆடிக்கொண்டிருந்தான். இரண்டில் எது கஷ்டம் என்று கேட்டேன். “இதுல மழைக்காலமே கெடையாதுண்ணா. எப்ப அடிச்சாலும் ஒரே மாதிரி ஓடும்” என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விளையாட்டுகளை வீடியோ கேமாக வடிவமைப்பவர்களின் தொழிலைப் பற்றி நான் கேட்டதிலேயே கூர்மையான விமர்சனம் அதுதான்.

திரையில் ஓடும் காயினுக்கு எடை கிடையாது. எவ்வளவு தூரம் வழுக்கும், சட்டத்தில் மோதி என்ன வேகத்தில் திரும்பும், குழியின் விளிம்பில் பட்டால் விழுமா துள்ளுமா என்பதெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து தீர்மானித்த எண்கள். காயின் 5 முதல் 5.5 கிராம், ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது, ஆடுதளம் சுமார் 74 சென்டிமீட்டர் சதுரம் என்ற அளவுகள் விதிப் புத்தகத்தில் கிடைக்கும். போரிக் பவுடர் தூவிய பலகை அடைமழை நாளில் எப்படி இழுக்கும் என்பது ஆடிய விரலுக்குத்தான் தெரியும். அந்த விரல் அறிவை விதியாகவும் எண்ணாகவும் மாற்றித் தருபவர் கேம் டிசைனர். படம் வரைவதும் புரோகிராம் எழுதுவதும் பெரும்பாலும் வேறு ஆட்களின் வேலை. ஆட்டம் எப்படி ஆடப்பட வேண்டும் என்று முடிவெடுப்பது இவருடைய வேலை.

இங்கே பரவலாக ஆடப்படும் ‘கேரம் பூல்’, சுவிட்சர்லாந்தின் மினிகிளிப் நிறுவனத்துடையது. அந்த நிறுவனம் சீனாவின் டென்சென்ட்டுக்குச் சொந்தமானது. அதில் ஸ்ட்ரைக்கரைப் பின்னுக்கு இழுத்து விட்டால் பாய்கிறது. காயின் எந்தத் திசையில் போகும் என்று ஒரு கோடு முன்கூட்டியே காட்டிவிடுகிறது. அந்தக் கோடு எவ்வளவு நீளம் என்பது அற்ப விஷயமாகத் தோன்றும். நீண்டுவிட்டால் நேற்று ஆட வந்தவரும் கட் அடிப்பார், பத்து வருடம் ஆடியவரின் கைக்கு மதிப்பிருக்காது. குறுகிவிட்டால் புதியவர் இரண்டாம் நாளே ஆட்டத்தைப் போனிலிருந்து அழித்துவிடுவார். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான இடத்தைத் தேடுவதில்தான் ஒரு டிசைனரின் வருடங்கள் கழிகின்றன. ஆனால் கேரம் பூலில் மேம்பட்ட ஸ்ட்ரைக்கருக்குக் குறிபார்க்கும் திறனும் வேகமும் கூடுதலாக வைத்திருக்கிறார்கள். ராயபுரத்திலும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் சொந்த ஸ்ட்ரைக்கரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். அது அவர்களுக்காகக் குறிபார்ப்பதில்லை. குறியைக் கருவியில் வைக்கும் முடிவை ஒரு வணிகர் எடுத்திருக்கலாம். போர்டில் கைபழகிய ஒருவர் எடுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஆட்டம் தெரிந்தவரின் பிடிவாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய சான்று உண்டு. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய டிரிப் ஹாக்கின்ஸ், 1984-ல் அமெரிக்கக் கால்பந்தின் முன்னாள் பயிற்சியாளர் ஜான் மேடனை அணுகினார். அன்றைய கணினியால் அணிக்கு ஆறேழு பேரைத்தான் காட்ட முடியும் என்று தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். பதினொரு பேர் இல்லையென்றால் அது அந்த ஆட்டமே இல்லை என்று மேடன் மறுத்தார். அதற்காக வேலை வருடக்கணக்கில் இழுத்து, 1988-ல்தான் ஆட்டம் வெளிவந்தது. அவர் பெயர் தாங்கிய வரிசை இன்றும் விற்பனையாகிறது. புரோகிராம் எழுதத் தெரியாத ஒரு பயிற்சியாளரின் ‘முடியாது’ ஒரு தொழில்துறைக்கே அளவுகோல் ஆயிற்று.

நமக்குக் கிரிக்கெட்டில் இதற்கு நெருக்கமான கதை ஒன்று இருக்கிறது. அதே எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ‘கிரிக்கெட் 07’ ஆட்டம் 2006-ன் இறுதியில் வந்தது. பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து அதை ஆடிய தலைமுறை இப்போது நாற்பதை நெருங்குகிறது. அதோடு அந்த நிறுவனம் கிரிக்கெட்டைக் கைவிட்டது. ரசிகர்கள் விடவில்லை. கோப்புகளைத் திறந்து சீருடைகளை மாற்றினார்கள், புது வீரர்களைச் சேர்த்தார்கள், ஒவ்வொருவரின் பேட்டிங் பலத்தையும் திருத்தினார்கள். சம்பளமில்லாமல், ஆசிரியரில்லாமல் நடந்த வடிவமைப்புப் பயிற்சி அது. பிறகு அந்த வெற்றிடத்தைச் செல்போனில் நிரப்பிய நிறுவனங்களில் முக்கியமானது சென்னையில் இருக்கிறது. பி.ஆர். ராஜேந்திரனும் பி.ஆர். ஜெயஸ்ரீயும் தொடங்கிய நெக்ஸ்ட் வேவ் மல்டிமீடியாவின் ‘வேர்ல்ட் கிரிக்கெட் சாம்பியன்ஷிப்’ வரிசையில் இரண்டாவது ஆட்டம் 2015-லும் மூன்றாவது 2020-லும் வந்தன. மும்பையின் நசாரா பின்னர் அந்த நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கியது. இந்த வரிசை விலை குறைந்த போனிலும் ஓடியது, அதில் தமிழ் வர்ணனையும் வந்தது. ஆடுபவர் யார், அவர் கையில் என்ன போன் இருக்கிறது என்று தெரிந்து எடுத்த முடிவுகள் இவை.

ஆக, சென்னையில் இந்தத் தொழில் முளைக்குமா என்ற கேள்விக்கு ஏற்கெனவே விடை கிடைத்துவிட்டது. அதற்குள் போகும் வாசல் எங்கே திறந்திருக்கிறது, யாருக்குத் திறந்திருக்கிறது என்பதுதான் என் கவலை.

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்துத் தெருக்களில் பிள்ளைகள் ஆடுவதைச் சற்று நேரம் நின்று கவனியுங்கள். சந்தின் அகலம் பத்தடி. பந்து மாடியில் விழுந்தால் அவுட். ஒரு பிட்ச் விழுந்த பந்தை ஒற்றைக் கையில் பிடித்தாலும் அவுட். ஆள் ஒற்றைப்படையாக இருந்தால் ஒருவன் ‘காமன்’, இரண்டு பக்கமும் ஆடுவான். சின்னப் பையனுக்கு முதல் பந்தில் அவுட் கிடையாது. இடத்தின் அளவு, ஆட்களின் எண்ணிக்கை, பக்கத்து வீட்டுக்காரரின் கோபம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, ஆட்டம் சுவை கெடாமல் விதிகளை வெட்டித் தைக்கிறார்கள். டிசைன் ஸ்டுடியோக்களில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து காகிதத்தில் செய்துபார்க்கும் முதல் வேலை இதேதான். நன்றாக ஆடுபவரெல்லாம் நல்ல டிசைனர் ஆகிவிட முடியாது என்பது உண்மை. கை செய்வதை வாய் சொல்லத் தெரியாதவர்கள் நிறைய. ஆனால் கிளப்பில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் அண்ணன்மார், ‘ரெட்டுக்கு ஃபாலோ இப்ப வேணாம், மொதல்ல ஒழுங்கா சுண்டக் கத்துக்க’ என்று ஆட்டத்தைப் படிப்படியாக அவிழ்த்துத் தருகிறவர்கள். அவர்களுக்கு அந்தச் சொல் இருக்கிறது.

இந்த மண்ணின் விளையாட்டு அறிவைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். 1991-ல் முதல் உலக சாம்பியன் ஆன மரிய இருதயம் சென்னைக்காரர், 1996-க்கான அர்ஜுனா விருது பெற்றவர். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள். வியாசர்பாடியின் கால்பந்தும், ராயபுரம் வட்டாரத்தின் குத்துச்சண்டைப் பரம்பரைகளும் ஊரறிந்தவை. இத்தனை இருந்தும், உலகம் ஆடும் செல்போன் கேரமின் உராய்வை முடிவு செய்த மேசையில் இந்தத் தெருவின் குரல் இருந்ததாகத் தெரியவில்லை.

லண்டனில் உருவாகும் ‘ஃபுட்பால் மேனேஜர்’ ஆட்டத்துக்கு உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். உள்ளூர் மைதானத்துக்குப் போய், வீரர்களைப் பார்த்து, வேகம், பந்துக் கட்டுப்பாடு, மனத்திடம் என்று எண்ணாக எழுதி அனுப்புகிறவர்கள். பார்க்கத் தெரிவதே அங்கே தகுதி. நம் ஊரில் இந்தத் துறைக்கு வர விரும்பும் பையனிடம் முதலில் கேட்பது பட்டம், அடுத்தது ஆங்கிலம், பிறகு செய்து முடித்த மாதிரி ஆட்டங்கள். மூன்றாவது நியாயமான கேள்வி. அதைச் செய்ய ஒரு நல்ல கணினி வேண்டும், இரண்டு வருடம் சோற்றுக்குக் கவலையில்லாமல் இருக்க வேண்டும். மீன்பிடித் துறைமுகத்தில் விடியலுக்கு முன் கூடை தூக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டும் இல்லை. தனியார் கேம் டிசைன் படிப்புகளின் கட்டணமோ லட்சங்களில் இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.களிலும் திறன் பயிற்சித் திட்டங்களிலும் மென்பொருளைச் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது. விதியை மாற்றிப் பார்ப்பது, ஆடவிட்டுக் கவனிப்பது, பார்த்ததைத் தமிழில் எழுதுவது ஆகியவற்றைப் பாடமாக்க வேண்டும். நிறுவனங்கள் தங்கள் சோதனை ஆட்டக்காரர்களைக் கிளப்புகளிலிருந்து சம்பளத்துக்கு எடுக்கலாம். உலகில் பல டிசைனர்கள் சோதனை ஆட்டக்காரர்களாகத்தான் உள்ளே வந்தார்கள்.

வீட்டில் ஏற்படும் அச்சத்தையும் தட்டிக்கழிக்க முடியாது. ஆன்லைன் சூதாட்டத்தில் உயிர்களைப் பறிகொடுத்த மாநிலம் இது. அதனால்தான் 2022-ல் இங்கே தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து, மின்விளையாட்டைத் தனியே அங்கீகரித்தது. ‘கேம் செய்யப்போகிறேன்’ என்று மகன் சொன்னால் ராயபுரத்துத் தாய்க்கு ரம்மிதான் நினைவுக்கு வரும். வேலையும் நிரந்தரமானதல்ல; 2023, 2024 ஆண்டுகளில் உலக அளவில் இந்தத் துறையில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பிள்ளைகளை அழைப்பது துரோகம்.

அன்று மாலை அந்தப் பையனிடம், போர்டில் ஈரம் ஏறுவதையும் ஆட்டத்துக்குள் கொண்டுவர முடியும், அதைச் செய்வதே ஒரு வேலை என்று சொன்னேன். போனை அணைத்துவிட்டு நிமிர்ந்தான். “அதுக்கு இன்னாண்ணா படிக்கணும்?” படிப்பின் பெயரைச் சொன்னேன். எவ்வளவு ஆகும் என்று கேட்டான், அதையும் சொன்னேன். போர்டிலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். எழுந்து போனவன், ஸ்ட்ரைக்கரை வைப்பதற்கு முன் புறங்கையால் பலகையை ஒரு முறை தடவிப் பார்த்தான். பிறகு பவுடர் டப்பாவை இழுத்து, தன் பக்கத்துக் கோட்டருகில் மட்டும் ஒரு சிட்டிகை அதிகம் தூவினான்.