நடு ஹால்ல டீப்பாய் எதுக்கு?

நடை பழகும் குழந்தை இருக்கிற வீட்டில், நடு ஹால்ல டீப்பாய் வேண்டாம் என்பது என் கருத்து.

1. டீப்பாயின் உயரம் சுமார் ஒன்றரை அடி. தடுக்கி விழுகிற குழந்தையின் நெற்றியும் கண்ணும் அந்த விளிம்பில்தான் இடிக்கும்.

2. "மூலையில ரப்பர் ஒட்டிட்டோம் டாக்டர்"னு சொல்வாங்க. சரி, மேலே இருக்கிற சூடான காபி? குழந்தை டீப்பாயைப் பிடிச்சு எழுந்து நின்னா, கைக்கு முதல்ல எட்டுறது அந்த டம்ளர்தான். முகத்திலும் மார்பிலும் கொட்டிக்கும்.

3. அப்படிக் கொட்டிட்டா, நனைந்த சட்டையைக் கழற்றிட்டு, 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்க. ஐஸ், பேஸ்ட், இங்க் எதுவும் வைக்காதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

4. இரண்டு வருஷம் டீப்பாய் வேற ரூம்ல இருக்கட்டும். ஹால் அழகு எங்கேயும் போயிடாது.