எண்ணி முடிக்கவே இல்லையே!



போன வாரம் மதிய இடைவேளையில் எங்கள் வகுப்பில் அமெரிக்கத் தேர்தலைப் பற்றிப் பெரிய சண்டை. "அதிக ஓட்டு வாங்கினவர்தானே ஜெயிப்பார், இதுல என்னடி தகராறு?" என்றாள் ஒருத்தி. அவளுக்குப் பதில் சொல்லப் போய் வளர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. நான் எடுத்துக்கொண்டது 2000-ஆம் ஆண்டுத் தேர்தல். அப்போது நாங்கள் யாரும் பிறக்கவே இல்லை.

ஜார்ஜ் புஷ்ஷும் அல் கோரும் போட்டியிட்டார்கள். நாடு முழுக்க எண்ணிப் பார்த்தால் கோருக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் ஓட்டுக்கு மேல் அதிகம். ஆனா ஜனாதிபதி ஆனவர் புஷ்! ஏனென்றால் அங்கே மாநிலவாரியாகத் தேர்வாளர்கள் உண்டு. மொத்தம் 538 பேர், 270 பேர் கிடைத்தால் வெற்றி. ஃபுளோரிடாவின் 25 பேர் யார் பக்கமோ அவரே ஜனாதிபதி என்று நிலைமை வந்து நின்றது. அங்கே பதிவானவை சுமார் 60 லட்சம் ஓட்டுகள். அறிவித்த வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? வெறும் 537. நம்ம காலை பிரேயரில் நிற்கிற கூட்டமே அதைவிட அதிகம்.

இதில் பாம் பீச் என்ற கவுண்டியின் கதைதான் எனக்குத் தாங்கவில்லை. வயதானவர்கள் படிக்க வசதியாக எழுத்தைப் பெரிசாகப் போடணும் என்று நல்ல எண்ணத்தோடு பெயர்களை இரண்டு பக்கமும் அச்சிட்டு, துளைகளை நடுவில் வைத்தார்கள். இடப்பக்கம் இரண்டாவது பெயர் கோர். ஆனால் இரண்டாவது துளையோ வலப்பக்கம் இருந்த பேட் புக்கானனுக்கு! கோருக்கு மூன்றாவது துளை. புக்கானனுக்கு அங்கே 3,400-க்கும் மேல் ஓட்டு விழுந்தது. அதில் பெரும்பாலானவை எனக்குப் போட்டவை இல்லை போல என்று அவரே டி.வி.யில் ஒப்புக்கொண்டார். கோருக்குப் போட நினைத்து 2,000-க்கும் மேற்பட்டவர்கள் தவறிப் போட்டிருக்கிறார்கள் என்று அரசியல் துறைப் பேராசிரியர்கள் 2001-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். 2,000 எங்கே, 537 எங்கே? எத்தனை முறை திருப்பி எண்ணினாலும் இந்தத் தவறைச் சரி செய்ய முடியாது.

திருப்பி எண்ணினால் சரியாகக் கூடியதும் ஒன்று இருந்தது. அட்டையில் குத்தும்போது விழ வேண்டிய துணுக்கு சிலவற்றில் விழாமல் தொங்கியது. சிலவற்றில் வெறும் பள்ளம்தான். மெஷின் இதையெல்லாம் ஓட்டாக எடுக்காது. கண்ணால் பார்த்து எண்ணுங்கள் என்று டிசம்பர் 8-ல் ஃபுளோரிடா உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மறுநாளே அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 12-ஆம் தேதி இரவு தீர்ப்பு வந்தது. ஒரு கவுண்டியில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி எண்ணுவது சமத்துவம் இல்லை என்று 7 நீதிபதிகள் கருதினார்கள். அது நியாயம்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த 7 பேரில் பிரையர், சூட்டர் என்ற இருவர், ஒரே விதி வகுத்துத் தொடர்ந்து எண்ணட்டும் என்றார்கள். மற்ற ஐவர் நேரமில்லை என்றார்கள். நிறுத்தியதும் அவர்கள், நேரமில்லை என்றதும் அவர்கள்! பரீட்சை ஹாலில் பேப்பரைப் பிடுங்கி வெச்சுக்கிட்டு 'மணி அடிச்சாச்சு'ன்னு சொன்னா நாம ஒத்துக்குவோமா? தேர்வாளர்கள் கூடுவதே டிசம்பர் 18-ல்தான். நீதிபதிகள் நடுநிலையானவர்கள் என்ற மக்களின் நம்பிக்கைதான் இதில் தோற்றது என்று ஸ்டீவன்ஸ் என்ற நீதிபதி மாற்றுத் தீர்ப்பில் எழுதினார். அந்த ஐவரில் ஒருவரான ஓ'கானரே, இந்த வழக்கை எடுக்காமல் இருந்திருக்கலாமோ என்று 2013-ல் சொன்னார்.

"எண்ணியிருந்தாலும் புஷ்தாம்மா" என்று எங்கள் ஆசிரியர் ஒருவர் சொன்னார். பாதி உண்மை, சார். பத்திரிகைகள் சேர்ந்து சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வு மையத்தை வைத்து சுமார் 1,75,000 அட்டைகளை ஆராய்ந்தன. 2001 நவம்பரில் முடிவு வந்தது. கோர் கேட்ட 4 கவுண்டிகளை மட்டும் எண்ணியிருந்தால் புஷ்தான். மாநிலம் முழுக்கத் தள்ளுபடியான அத்தனையையும் எண்ணியிருந்தால் மயிரிழையில் கோர். அப்படியானால் கோர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. தனக்கு ஆதரவான நாலு கவுண்டியை மட்டும் ஏன் கேட்டார்? எல்லாவற்றையும் எண்ணச் சொல்லி முதல் நாளே வழக்குப் போட்டிருக்க வேண்டாமா?

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். 2001 ஜனவரி 6-ல் துணை ஜனாதிபதி என்ற முறையில் சபைக்குத் தலைமை தாங்கி, தான் தோற்றதைத் தானே அறிவித்தார் கோர். அவர் கட்சிக்காரர்கள் எழுந்து ஆட்சேபித்தபோது, செனட்டர் ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லை, செல்லாது என்று அவர்களை உட்கார வைத்தவரும் அவரே.

2020-ம் இதே மாதிரிதானே என்று என் தோழி மடக்கினாள். இல்லை. ஜார்ஜியாவில் சுமார் 50 லட்சம் ஓட்டுகளைக் கையாலும் எண்ணி, பிறகு மெஷினிலும் மறுபடி எண்ணினார்கள். மூன்று தடவையும் பைடன்தான் முன்னால் இருந்தார். எண்ணி முடித்ததை நம்ப மறுத்த தகராறு அது. இதுவோ எண்ணவே விடாத தகராறு.

கோர் ஏன் நாலு கவுண்டியோடு நின்றார் என்பதற்கு நல்ல பதில் வைத்திருப்பவர்கள் மதிய இடைவேளையில் எங்கள் வராந்தாவுக்கு வரலாம். சண்டை இன்னும் முடியவில்லை.

– 12-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி