நடக்கத் தெரியாதவனா நம்மாளு?

"நம்மாளுக்கு ரோட்டுல நடக்கவே தெரியாது சார், சிங்கப்பூர்ல போய்ப் பாருங்க!" கார் வச்சிருக்கிறவங்க யார்கிட்ட பேசினாலும் பத்தாவது நிமிஷம் இந்த டயலாக் வந்துடுது. கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. அதான் இந்தப் பதிவு.

கத்திரி வெயில்ல மத்தியானம் ஒரு மணிக்கு சென்னையில எங்கயாவது நின்னு வேடிக்கை பாருங்க. பஸ் ஸ்டாப்புல ஸ்டீல் சீட்டு கொதிச்சுக்கிட்டு காலியா கிடக்கும், சனம் பக்கத்து மரத்தடியில நிக்கும். தெற்கு வடக்கா போற ரோடுன்னா காலையில கிழக்குப் பக்கம் நடப்பாங்க, சாயங்காலம் மேற்குப் பக்கம். ஏன்னா நிழல் அங்கதான். இதுக்குப் பேரு ஒழுங்கீனமா? உடம்பைக் காப்பாத்திக்கிற புத்திங்க அது.

சரி, பிளாட்பாரத்தை விட்டு ஏன் இறங்குறான்? ஏறிப் பாருங்க, தெரியும். முதல்ல முழங்கால் உயரத்துக்கு ஒரு படி. நாலு எட்டு வச்சா ஈ.பி. பெட்டி. அதைத் தாண்டினா டூவீலர் பார்க்கிங். ஐ.ஆர்.சி. 103னு 2012ல போட்ட இந்திய விதிமுறை, தடையில்லாத அகலம் குறைஞ்சது 1.8 மீட்டர், உயரம் 15 செ.மீ.க்கு மேல கூடாதுன்னு சொல்லுது. ஒரு டேப் எடுத்துட்டுப் போய் உங்க தெருவை அளந்துட்டு வந்து அப்புறம் ஒழுக்கம் பேசுங்க.

சிங்கப்பூர் கதைக்கு வருவோம். கடை வாசல்ல கூரை போட்ட அஞ்சடி நடைபாதை தொடர்ச்சியா இருக்கணும்னு அங்க ராஃபிள்ஸ் சொன்னது 1822ல. 2013ல ஆரம்பிச்ச ஒரு திட்டத்துல, 2018க்குள்ள 200 கிலோமீட்டருக்கும் மேல கூரை நடைபாதை கட்டினாங்க. அவன் ஒழுக்கத்துக்கு மேல ஒரு கூரை இருக்கு சாமி!

இங்க? 2024 கோடையில சில சிக்னல்கள்ல பச்சை வலையில பந்தல் போட்டாங்க. நல்ல விஷயம்தான். ஆனா யாருக்கு? சிக்னல்ல ரெண்டு நிமிஷம் நிக்கிற வண்டிக்காரருக்கு. அரை மணி நேரம் நடக்கிறவனுக்கு ஒரு முழம் நிழல் உண்டா?

"நடைமேம்பாலம் கட்டினா ஏற மாட்டேங்கறாங்களே"ன்னு அடுத்த கேள்வி வரும். ஏ.சி.யில உட்கார்ந்திருக்கிறவர் பிரேக்கை மிதிக்காம போறதுக்காக, காய்கறிப் பையோட ஒரு பாட்டி வெயில்ல நாப்பது படி ஏறணுமா? என்னங்க நியாயம் இது?

செல்போனைப் பாத்துக்கிட்டே குறுக்க போறவனுக்கும், டிவைடர் தாண்டிக் குதிக்கிறவனுக்கும் நான் வக்காலத்து வாங்கலை. ஆனா 2019ல பாண்டி பஜார்ல அகலமா, சமமா பிளாட்பாரம் போட்டுக் கொடுத்தப்போ, இதே 'ஒழுக்கம் இல்லாத' சனம்தானே அதுல ஏறி ஜோரா நடந்துச்சு? யாராவது கிளாஸ் எடுத்தாங்களா?

தடையில்லாத நடைபாதை வாழ்வுரிமையில சேர்த்தின்னு உச்ச நீதிமன்றமே 2025ல சொல்லிடுச்சு. அதனால மரம் வைங்க, படியைக் குறைங்க, பெட்டியை நகர்த்துங்க. அதுவரைக்கும் நம்மாளு நிழல் இருக்கிற பக்கம்தான் நடப்பான். ஹாரன் அடிச்சா நகர்ந்துக்குவான், அவ்ளோதான் :-)