வாயிலில் நிற்கும் பாட்டு

கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘வருகலாமோ’ மாஞ்சி இராகத்தில் எழும்போதெல்லாம் நாம் கண் கலங்குகிறோம். தில்லைக்குள் நுழையத் துணியாது நந்தன் இறைஞ்சும் பாட்டு அது. நம் சங்க மேடைகளில் அதற்கு யாது இடம்? தனி ஆவர்த்தனம் முடிந்து, பாதிப்பேர் கடைசி வண்டியைப் பிடிக்க எழுந்த பின், ‘துக்கடா’ என்ற பெயரில் ஐந்து நிமிடம்! 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் கண்ட பின்னருமா இந்நிலை? தியாகையரின் கீர்த்தனைகளும் நம்மை உருக்குவனவே. அவற்றை விலக்கச் சொன்னோமில்லை. ஆயின், அயல்மொழிச் சூழலில் வளரும் நம் பிள்ளைகள் எவரிடமும் பொருள் கேளாமல் நெகிழ்வது இப்பாட்டுக்கன்றோ? அவர்கள் தூங்கிவிழும் வேளைக்கு இதை ஒதுக்குவானேன்? வரும் ஆண்டுவிழாவில் இதைக் கச்சேரியின் நடுவே விரித்துப் பாடுமாறு வித்துவானிடம் முன்னரே கேட்போம். மறுத்தால் வேறொருவரை அழைப்போம்.