பொன்னாடைக்கு அப்பால்

தொண்டரைப் பாராட்டுவது என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது பொன்னாடை. மேடை அமைப்போம், ஒலிபெருக்கி கட்டுவோம், நான்கு பேர் புகழ்ந்துரைப்பர், நினைவுப் பரிசுடன் புகைப்படமும் எடுத்துக்கொள்வோம். இவற்றை நாம் குறைகூறவில்லை. செய்ந்நன்றியறிதலுக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்த மொழி நம்முடையது. ஆயினும் பொன்னாடையோடு நம் கடன் தீர்ந்தது என்று எண்ணிக்கொள்வதில்தான் பிழை இருக்கிறது.

மணலி புதுநகரையே எடுத்துக்கொள்வோம். கொசஸ்தலையாற்றை ஒட்டிய ஊர் இது. பூண்டி நீர்த்தேக்கத்தின் உபரிநீர் இவ்வாற்றின் வழியாகவே எண்ணூர்க் கழிமுகத்தை அடைகிறது. 2021 நவம்பரில் ஆறு பெருகியபோது புதுநகரின் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடசென்னையை மீண்டும் நீரில் ஆழ்த்திற்று. இத்தகைய நாள்களில் நீருக்குள் இறங்கி வருவோர் யாவர்? தூய்மைப் பணியாளர், மின்வாரியத் தொழிலாளர், உணவுப் பொட்டலம் சுமந்துவரும் இளைஞர், படகோடு வரும் மீனவர். இவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

மீனவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் சென்னை மக்களைத் தம் படகுகளில் ஏற்றிக் கரைசேர்த்தவர்கள் அவர்கள். எட்டு ஆண்டுகள் கழிந்து, மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் கறுத்தபோது, அதே இனத்தார் வாளியும் குவளையும் கொண்டு அந்த எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தனர். பலர் கைகளில் உறைகூட இல்லை. நம்மை மீட்டவர்களுக்கு நாம் காட்டிய நன்றி அந்த அளவினதே.

கேரளம் இவ்வகையில் நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் மீட்புப் பணிக்கு வந்த மீனவரை அவ்வரசு மேடையேற்றிப் பாராட்டியது உண்மையே. ஆனால் அதற்கு முன்பே, படகு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3000 ரூபாயும் எரிபொருளும் தரப்படும் என்றும், சேதமடைந்த படகுகள் செப்பனிட்டுத் தரப்படும் என்றும் அறிவித்தது. வெள்ளநீரில் இறங்குவோருக்கு எலிக்காய்ச்சலைத் தடுக்கும் டாக்சிசைக்ளின் மாத்திரைகளும் வழங்கப்பட்டன. எலியின் சிறுநீர் கலந்த நீர் காலின் சிறு கீறல் வழியே நோயைக் கொண்டுசேர்க்கும். ஆகவே இம்மாத்திரை பொன்னாடையினும் பயனுடையது என்று சொன்னால் மிகையாகாது.

அங்கன்வாடிப் பணியாளரின் நிலையும் எண்ணத்தக்கது. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் அவர்கள் தோள்மீதே நடக்கிறது. ஆயினும் மைய அரசின் ஏட்டில் அவர்கள் பெறுவது ஊதியம் அன்று, ‘மதிப்பூதியம்’. சொல்லில் மதிப்பு முன்னே நிற்கிறது. தொகையைப் பார்த்தால் அது எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கிறது! 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், குஜராத்திலிருந்து வந்த வழக்கொன்றில், அவர்களும் உதவியாளர்களும் பணிக்கொடை பெற உரிமையுடையோர் எனத் தீர்ப்பளித்தது. திட்டம் தொடங்கி ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் கழிந்த பின்பு! இத்தனை ஆண்டுகளில் அவர்களுக்கு எத்தனை பாராட்டு விழாக்கள் நடந்திருக்கும்?

தொண்டுக்குக் கூலி பேசுவது அதன் தூய்மையைக் கெடுக்கும் என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் பெரும்பாலும் கரையில் நிற்போராகவே இருக்கக் காண்கிறோம். படகு உடைந்தவனுக்கு மறுநாள் பிழைப்பில்லை என்பதை அவர்கள் அறியார்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குமுன் நம் மாணவர்கள் புதுநகரிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் தெருத்தெருவாகச் சென்று ஒரு குறிப்பேடு எழுதலாம். கடந்த வெள்ளத்தில் யார் யார் உதவிக்கு வந்தனர், எவருடைய படகு பழுதுபட்டிருக்கிறது, எவரிடம் ரப்பர்க் காலணியும் கையுறையும் இல்லை, எவருக்குக் காப்பீடு இல்லை என்பவை அதில் இடம்பெறட்டும். அடுத்த பாராட்டு விழாவுக்கெனத் திரட்டும் நிதியிலிருந்து முதல் காலணிகளை வாங்கலாம். அளவு கேட்டு வாங்க வேண்டும்.